என் மகள் போனில் ஐ.ஐ.டி. பாடம் பார்க்கிறாள், அது படிப்பாகுமா?

கேள்வி கேட்ட ஐயா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருப்பதாக எழுதியிருக்கிறார். மகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (மின்னியல், மின்னணுவியல்) இரண்டாம் ஆண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். கோர்ஸ் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். "ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனும் கையுமாக இருக்கிறாள். கேட்டால் ஐ.ஐ.டி. பாடம் என்கிறாள். இலவசம் என்றார்கள், இப்போது ஆயிரம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். இதெல்லாம் நிஜமான படிப்பா? ஐ.ஐ.டி. பிள்ளைகளுக்குக் கிடைப்பது இவளுக்கும் கிடைக்குமா?" என்பது அவர் கேள்வி.

ஐயா, ஆயிரம் ரூபாய் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். மகளை ஐ.ஐ.டி.க்கு அனுப்ப முடியவில்லை, அந்தப் படிப்பாவது வீடு தேடி வந்து சேருமா என்று கேட்கிறீர்கள். பாடம் முழுசாக வந்து சேரும். படிப்பு தானாக வந்து சேராது, அதற்கு வீட்டிலும் கல்லூரியிலும் சில ஏற்பாடுகள் வேண்டும். அந்த ஏற்பாடுகள் உங்கள் கைக்கு எட்டாதவை அல்ல, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் இருபத்திரண்டு வருடமாக மின்னியல் பாடம் நடத்துகிறவன். அதில் எட்டு வருடம் எங்கள் கல்லூரியில் இந்த ஆன்லைன் கோர்ஸ்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். சொல்வதில் பாதி படித்துத் தெரிந்தது, பாதி என் மாணவர்களிடம் பார்த்தது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது ஏதோ புதிதாக முளைத்த வியாபாரம் என்ற சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2001-இல் தன் பாடங்களை எல்லோருக்கும் இணையத்தில் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கேயும் அந்த எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. 2003-இல் மத்திய அரசின் பணத்தில், ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. முன்னின்று நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. நாட்டில் பொறியியல் கல்லூரிகள் பெருகின, நல்ல ஆசிரியர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை என்பதுதான் அதற்கான காரணம். நாங்கள் முதலில் இதைப் பார்த்தது இணையத்தில்கூட இல்லை. ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வந்து கல்லூரி சர்வரில் போட்டு, லைப்ரரி கம்ப்யூட்டரில் பிள்ளைகளைப் பார்க்க வைத்தோம். அப்போது பாடம் மட்டும்தான், தேர்வும் சான்றிதழும் கிடையாது. அவை 2014-இல் வந்தன. 2017-இல் மத்திய அரசு இணையப் பாடங்களுக்கென ஸ்வயம் தளத்தைத் தொடங்கியபோது பொறியியல் பாடங்களின் பொறுப்பு என்.பி.டி.இ.எல்.லிடமே வந்தது. உங்கள் மகள் பார்ப்பது அங்கேதான். எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பாடத்தைக் கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் தபஸ் குமார் பட்டாச்சார்யா அதில் நடத்துகிறார். நானே வகுப்புக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போனதுண்டு, சொல்வதில் கூச்சமில்லை.

இப்போது அந்த ஆயிரம் ரூபாய். கோர்ஸில் சேரவும், வீடியோ பார்க்கவும், வாராவாரம் அசைன்மென்ட் போடவும் ஒரு பைசா வேண்டாம். கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் பரீட்சைக்குத்தான் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதி. எழுத விருப்பமில்லையென்றால் கட்ட வேண்டாம், பாடம் எப்போதும் திறந்தே இருக்கும். ஆனால் கட்டி எழுதச் சொல்லுங்கள் என்றே நான் சொல்வேன். மொத்தம் நூறு மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு இருபத்தைந்து, நேரில் எழுதும் தேர்வுக்கு எழுபத்தைந்து. பன்னிரண்டு வார கோர்ஸ் என்றால் நன்றாகச் செய்த எட்டு அசைன்மென்டுகளை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். சான்றிதழ் வேண்டுமானால் அசைன்மென்டில் பத்தும் தேர்வில் முப்பதும் குறைந்தபட்சம் எடுக்க வேண்டும். அறுபதுக்கு மேல் போனால் எலைட் என்றும், தொண்ணூறு தொட்டால் அதோடு தங்கம் என்றும் போட்டுக் கொடுப்பார்கள். இந்த ஏற்பாடு முழுவதிலும் நான் மனப்பூர்வமாக நம்புவது அந்த எழுபத்தைந்தைத்தான். அதை வேறொருவர் எழுதித் தர முடியாது.

அசைன்மென்ட் கதை வேறு. ஒவ்வொரு வாரமும் கெடு முடிவதற்குள் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்து நான்கு நிமிடத்தில் டிக் அடித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். என் மேஜைக்கு வந்த மதிப்பெண் பட்டியல்களில் அசைன்மென்டில் இருபத்துநான்கு, தேர்வில் இருபத்திரண்டு என்ற ஜோடியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்த உடனே புரிந்துவிடும், அந்தப் பிள்ளை பன்னிரண்டு வாரமும் பாடத்துக்குள் வரவே இல்லை. இதில் பிள்ளைகளை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற எண்ணிக்கைக்காகக் கல்லூரிகளே ஒரு செமஸ்டரில் மூன்று கோர்ஸ் என்று தலையில் கட்டுகின்றன. அப்படி நெருக்கினால் குறுக்குவழி பிறக்காமல் என்ன செய்யும்? உங்கள் மகள் அப்படிச் செய்கிறாள் என்று நான் சொல்லவரவில்லை. ராத்திரி பன்னிரண்டு வரை விழிக்கிறாள் என்பதே அவள் டிக் அடித்துவிட்டுத் தூங்குகிற ரகம் இல்லை என்று காட்டுகிறது.

உலகம் முழுக்க இந்தக் கதை எப்படிப் போயிற்று என்பதற்கு, உங்கள் மகளின் பாடத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2012-இல் எம்.ஐ.டி. எல்லோருக்குமாக நடத்திய முதல் திறந்த இணைய வகுப்பு, சர்க்யூட்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ். அதை முன்னின்று நடத்தியவர் ஆனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறிச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வெற்றி என்பவர்கள் ஏழாயிரத்தைக் காட்டினார்கள், தோல்வி என்பவர்கள் மீதியைக் காட்டினார்கள். பதிவு செய்த எல்லோரும் முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்ல, எட்டிப் பார்க்க வந்தவர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம். அந்தத் தேர்வில் முழு மதிப்பெண் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவன் மங்கோலியாவின் உலான் பாட்டரைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பள்ளி மாணவன், பட்டுஷிக் மியாங்கன்பயார். பிறகு எம்.ஐ.டி.யே அவனைச் சேர்த்துக்கொண்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இணையம் ஒரு மேதையைக் கண்டெடுத்தது என்று எழுதின. முழுக் கதையையும் படித்தால் வேறு சிலர் தெரிவார்கள். அவன் பள்ளியின் தலைமையாசிரியர் எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு மாணவனை மட்டும் அல்ல, ஒரு கூட்டத்தையே சேர்த்து அந்த வகுப்பில் உட்கார வைத்தவர் அவர்தான். அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பரையும் வரவழைத்தார். அந்த நண்பர் சர்க்யூட் உபகரணங்களோடு வந்து, பிள்ளைகளோடு இருந்து, செய்முறை நடத்தினார். அந்தப் பையன் கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அவன் போனோடு தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. கூடப் படிக்கப் பிள்ளைகள் இருந்தார்கள், கேட்டால் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார், கையில் எடுத்துப் பிசைய ஒயரும் ரெசிஸ்டரும் இருந்தன. தொடக்கத்தில் சில ஏற்பாடுகள் வேண்டும் என்றேனே, இவைதான் அவை. நம் பிள்ளைகளுக்கு நாம் வீடியோவைக் கொடுத்துவிட்டு இந்த மூன்றையும் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

வீடியோ மட்டும் ஏன் போதாது என்பது உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. நீங்கள் மேஸ்திரி வெல்டிங் அடிப்பதைப் பக்கத்தில் நின்று எத்தனை நாள் பார்த்திருப்பீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருந்திருக்கும். ஹோல்டரை முதல்முதலாகக் கையில் வாங்கிய அன்று ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டதா இல்லையா? நன்றாக நடத்துகிற ஆசிரியரின் வீடியோ இந்த விஷயத்தில் இன்னும் ஆபத்து. அவர் தெளிவாகச் சொல்லச் சொல்ல நமக்கே தெரிந்துவிட்டது போல ஒரு நிறைவு வரும். இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு பாடப்பகுதியைச் சிலரை இரண்டு முறை படிக்க வைத்தார்கள். மற்றவர்களை ஒரு முறை படிக்கவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம் நின்றது, திரும்பப் படித்தவர்களிடம் 42தான் நின்றது. அது உரைப்பகுதி வைத்துச் செய்த சோதனை, டிரான்ஸ்பார்மர் கணக்கு வைத்து அல்ல. ஆனாலும் என் வகுப்பில் வருடா வருடம் நான் பார்ப்பதும் இதுவேதான். ஆகவே மகள் இரண்டு மணி நேரம் வீடியோ பார்க்கிறாள் என்றால், அதில் ஒரு மணி நேரத்தை வெட்டி நோட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேட்டதைப் படம் போட்டு எழுத வேண்டும். எழுத வராத இடம் எதுவோ, அதுதான் அவள் திரும்பப் பார்க்க வேண்டிய இடம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், மொழி. மகள் தமிழ் வழியில் படித்தவளா என்று நீங்கள் எழுதவில்லை. படித்தவள் என்றால் இதுதான் பெரிய மதில். சில வருடங்களுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு பெண், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வந்தவள். ஆன்லைன் கோர்ஸில் நாலாவது வாரமே நின்றுவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டேன், "ஒண்ணுமே புரியல சார்" என்றாள். ஒரு சர்க்யூட்டைப் போட்டுக் காட்டினேன். "இது மின்தூண்டி சார், மின்னோட்டம் மாறும்போது அதை எதிர்த்து மின்னியக்கு விசை வரும்" என்று கடகடவென்று சொன்னாள். பாடம் மொத்தமும் தெரிகிறது! இண்டக்டர் என்பதும் மின்தூண்டி என்பதும் ஒன்று என்றுதான் தெரியவில்லை. இண்டியூஸ்டு ஈ.எம்.எஃப். என்று வீடியோவில் வரும்போதெல்லாம் அது ஏதோ புதுச் சரக்கு என்று பயந்திருக்கிறாள். ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பள்ளியில் படித்த சொல், வலப்பக்கம் வீடியோவில் கேட்ட சொல் என்று எழுதச் சொன்னேன். மின்தேக்கிக்கு எதிரே கெபாசிட்டர், மின்மாற்றிக்கு எதிரே டிரான்ஸ்பார்மர். மூன்று பக்கம் நிறைவதற்குள் அவள் வேகம் பிடித்துவிட்டாள். அந்த வருடம் அவளுக்குத் தங்கமும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை, அறுபத்திச் சொச்சம் எடுத்து எலைட் வாங்கினாள். எனக்கு இன்றைக்கும் பெருமையான சான்றிதழ் அது. இவ்வளவு நாள் நாமே இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டோமே என்ற வருத்தமும் அதோடு சேர்ந்தே இருக்கிறது.

மொழிக்கு வேறு வழிகளும் உண்டு. பாடங்களின் எழுத்து வடிவம் தளத்திலேயே கிடைக்கும், பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும், முதல் தடவை தடம் பிடிக்க அது போதும். வீடியோவின் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்கலாம். கம்ப்யூட்டர் சம்பந்தமான பாடத்துக்கு மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் ஸ்போக்கன் டுடோரியலைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் சுமாருக்குச் சின்னச் சின்னப் பாடங்கள், பார்த்துக்கொண்டே பக்கத்துத் திரையில் செய்து பழகும்படி அமைத்தவை, பலவற்றைத் தமிழ்க் குரலிலும் கேட்கலாம். அதற்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி, நான் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறவை. இந்தச் சான்றிதழால் வேலை கிடைக்குமா? சான்றிதழைப் பார்த்து மட்டும் வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை. நேர்முகத் தேர்வில் அந்தக் காகிதம் ஒரு கேள்வியைக் கொண்டுவரும். "மெஷின்ஸ் கோர்ஸ் முடிச்சிருக்கீங்களே, ஸ்லிப் என்றால் என்ன?" என்று கேட்பார்கள். பதில் வந்தால் அது உதவியது, வராவிட்டால் அதே காகிதம் காலை வாரிவிடும். நல்ல மதிப்பெண்ணோடு கோர்ஸ் முடித்த என் மாணவர்கள் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறார்கள். அது கோர்ஸ் செய்த நன்மையா, அல்லது எப்படியும் முன்னேறியிருக்கக் கூடிய பிள்ளைகள்தான் கோர்ஸையும் முடித்தார்களா என்பதை ஒரே கல்லூரியை மட்டும் பார்த்த நான் பிரித்துச் சொல்ல முடியாது. செமஸ்டர் மதிப்பெண்ணில் இது கணக்கில் வருமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2016-இல் விதி போட்டது, 2021-இல் அதை 40 ஆக உயர்த்தியது. விதியில் இடம் இருப்பதால் எல்லாக் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. பணம் கட்டுமுன் துறைத் தலைவரிடம், எந்தப் பாடத்துக்குப் பதிலாக இது ஏற்கப்படும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பி கடைசி வருடத்தில் கண் கலங்கி நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஐ.ஐ.டி. பிள்ளைகளுக்குக் கிடைப்பது எல்லாம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்காது என்பதை மறைக்கமாட்டேன். லேப் கிடைக்காது, பேராசிரியரை வராந்தாவில் நிறுத்திக் கேட்கிற வாய்ப்பு கிடைக்காது, கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் ஒரே ஹாஸ்டலில் இருந்து ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போவது கிடைக்காது. முதலாவதற்கு அவள் கல்லூரி லேபை விட்டால் வேறு வழியில்லை, அந்த மணி நேரங்களை வீணாக்க வேண்டாம். இரண்டாவதற்குக் கோர்ஸ் பக்கத்திலேயே கேள்வி கேட்கும் இடம் இருக்கிறது, கேட்டால் பதில் வருகிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தப்பாக எழுதிவிடுவோமோ என்று கேட்பதே இல்லை. மூன்றாவதைத்தான் நாமே உண்டாக்க முடியும். அதே கோர்ஸில் சேர்ந்த இரண்டு தோழிகளோடு வாரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம், கல்லூரி லைப்ரரியில் உட்காரட்டும். அந்த வார அசைன்மென்டை ஆளாளுக்குத் தனியாகப் போட்டுவிட்டு, பிறகு விடைகளை ஒப்பிட்டுச் சண்டை போடட்டும். எங்கள் கல்லூரியில் கோர்ஸை முடித்த பிள்ளைகளில் தனியாகப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், மற்றவர்கள் எல்லாம் இப்படி மூன்று நான்கு பேராக உட்கார்ந்தவர்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரே கோர்ஸ், அதுவும் அந்த செமஸ்டரில் அவளுக்கு இருக்கிற பாடத்தை ஒட்டியதாக இருக்கட்டும். ஒரே உழைப்பு இரண்டு பரீட்சைக்கும் ஆகும். இரவு பன்னிரண்டு மணிக் கணக்கை மாற்றி, முடிந்தால் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். வீட்டு வேலையில் அந்த ஒரு மணி நேரம் அவளைக் கூப்பிடாமல் இருப்பது நீங்களும் அம்மாவும் செய்யக்கூடிய பெரிய உதவி.

நீங்கள் நேரடியாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் பட்டறையில் பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மெஷின் ஒன்று ஓரமாகவாவது கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே கூட்டிப் போங்கள். ராடு தொடுவதற்கு முன் அதில் எழுபது எண்பது வோல்ட் இருக்கும், ஆர்க் பிடித்ததும் அது இருபது முப்பதுக்கு இறங்கிவிடும். உங்கள் கை அறிந்த விஷயம் இது. ஏன் அப்படி இறங்க வேண்டும், சாதாரண டிரான்ஸ்பார்மரில் அப்படி இறங்கினால் குறை என்று புத்தகம் சொல்கிறதே, இதில் மட்டும் ஏன் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அவளிடம் கேளுங்கள். லீக்கேஜ் ரியாக்டன்ஸ் என்று ஒரு சொல் அவள் நோட்டில் இருக்கும். அதை ஆங்கிலத்தில் ஒப்பிக்காமல், உங்களுக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்லும் வரை விடாதீர்கள். முதல் தடவை திணறுவாள், வீட்டுக்குப் போய் மறுபடி அந்த வீடியோவைத் திறப்பாள். அப்போது எந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.